குழி தோண்டும் மீன் ஏன் குதிக்கிறது?

மீன் தொட்டிக்கு மூடி எதற்கு? பூனை கை விடாமல் இருக்க என்பீர்கள். தூசி விழாமல் இருக்க என்பீர்கள். சரிதான். ஆனால் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால், உள்ளே இருப்பது வெளியே போய்விடாமல் இருக்கத்தான் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படிக் குதிப்பதில் பேர்போன மீன்களில் பல, தொட்டியின் அடியில் மணலுக்குள் வளை தோண்டிப் பதுங்கி வாழ்பவை. தரையோடு தரையாகக் கிடக்கும் மீனுக்கு வானத்தில் என்ன வேலை?

ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்ப்போம். மஞ்சள்தலைத் தாடைமீன். கடைக்காரர்கள் ஜாஃபிஷ் என்பார்கள். ஃபுளோரிடா, பஹாமாஸ், கரீபியன் கடல் பக்கம், பவளப்பாறைகளை அடுத்த மணல்வெளிதான் இதன் ஊர். நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். தலை இளமஞ்சள், உடல் வெளிர்நீலம், கண்கள் உருண்டை. உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய். மணல் அள்ளுவது அந்த வாயால்தான், கல் சுமப்பதும் அதனால்தான். பெண் மீன் இட்ட முட்டைகளை ஆண் மீன் ஒரு வாரம் போல வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதும் உண்டு. அவ்வப்போது வாயைத் திறந்து முட்டை உருண்டையை முன்னே தள்ளி, திருப்பி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் படவேண்டுமே!

பகலில் இது வளைக்கு மேலே, வால் கீழே தலை மேலே என்று நட்டுக்குத்தாக மிதந்துகொண்டு, நீரோட்டத்தில் மிதந்து வரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்னும். நிழல் ஒன்று மேலே கடந்தால் போதும், வளைக்குள் மறைந்துவிடும். பொழுது சாய்ந்ததும் ஒரு கல்லையோ சிப்பியையோ இழுத்து வாசலை அடைத்துவிட்டு உள்ளே இருந்துகொள்ளும். காலையில் அதை அகற்றிவிட்டு வெளியே வரும். பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல கல்லைத் திருடுகிற பழக்கமும் உண்டு. சண்டையும் வரும், ஒன்றின்மேல் ஒன்று மணலைத் துப்பிக்கொள்ளும்.

இனி குதிப்புக்கு வருவோம். பெரும்பாலான மீன்களின் பின்மூளையில் இரண்டு பெரிய நரம்புச் செல்கள் இருக்கின்றன, பக்கத்துக்கு ஒன்றாக. வியன்னாவைச் சேர்ந்த லுட்விக் மவுத்னர் 1859இல் இவற்றை விவரித்ததால் மவுத்னர் செல்கள் என்று பெயர். திடீர் ஓசையோ அதிர்வோ எட்டினால் இவற்றில் ஒன்று தூண்டப்படும். எதிர்ப்பக்கத் தசைகள் அனைத்தும் ஒரே வீச்சில் சுருங்கும். உடல் வில்லாக வளைந்து, மறுகணம் நிமிர்ந்து பாயும். தொடங்குவதற்குச் சில மில்லிநொடிகளே ஆகும். எங்கே போகிறோம் என்று யோசிக்க அதில் நேரமில்லை.

கடலில் இதனால் கெடுதல் இல்லை. தாடைமீனுக்கு மேலே மூன்று மீட்டரிலிருந்து நாற்பது மீட்டர் வரை தண்ணீர் இருக்கும். நம் வீட்டுத் தொட்டியிலோ அரை மீட்டர்கூட இருக்காது. மேல்நோக்கிப் பாய்ந்தால் அடுத்த நிறுத்தம் தரைதான். வளைக்குள் பாய்ந்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. வளை இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் பாயும். புதிதாக வாங்கி வந்து விட்ட மீனுக்கு வளை இல்லை. மணல் போதாத தொட்டியில் அதனால் வளை தோண்டவும் முடியாது. முரட்டு மீன் ஒன்று அதன் வளையைப் பிடுங்கிக்கொண்டாலும் இதே கதிதான். “இது குதிக்கிற மீன்” என்று பழி போடுவதைவிட, “இது வீடு கிடைக்காத மீன்” என்று சொல்வதே நியாயம் என்பேன்.

ஆகவே முதல் வேலை மணல். 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேண்டும். வெறும் பொடிமணல் கொட்டினால் தோண்டத் தோண்ட சரிந்து விழும். மணற்பாங்கான ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி உறைகிணறு கட்டுவார்கள் அல்லவா? தாடைமீன் செய்வதும் அதேதான். கல்லும் சிப்பித் துண்டும் பொறுக்கிவந்து சுவருக்கு அண்டக் கொடுக்கும். அதனால் பொடிமணலோடு பருமணல், உடைந்த பவளத் துண்டுகள், சிறு கிளிஞ்சல்கள் எல்லாம் கலந்து போடவேண்டும். துண்டுகள் அதன் வாய்க்கு அடங்கும் அளவில் பல தினுசாக இருக்கட்டும். எந்தக் கல்லை எங்கே வைப்பது என்பதை அது பார்த்துக்கொள்ளும். நாம் அடுக்கி வைத்த அழகையெல்லாம் இரண்டு நாளில் கலைத்தும்விடும்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முதலில் மணலைப் பரப்பி அதன்மேல் பாறைகளை அடுக்கினால், மீன் பாறைக்கு அடியில் தோண்டும்போது பாறை சாயும். மீன் நசுங்கலாம், கண்ணாடி விரிசல் விடலாம். பாறை முதலில், தொட்டியின் அடித்தளத்திலேயே அசையாமல் உட்கார வேண்டும். மணல் அதைச் சுற்றி அப்புறம்தான்.

தோண்டி வாழும் எல்லா மீனும் தாடைமீன்போல உழைக்கும் என்று நினைக்காதீர்கள். கோபி மீன்களில் சில, வீடு தோண்டும் வேலையைப் பிஸ்டல் இறாலிடம் ஒப்படைத்துவிடும். இறால் ஓயாமல் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் அதற்குப் பார்வை மங்கல். அதனால் நீண்ட மீசையை மீனின் உடல்மேல் வைத்தபடியே வெளியே வரும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலைச் சிலுப்பும், இரண்டும் உள்ளே போய்விடும். என்னைக் கேட்டால், காவலுக்குக் கூலியாக வீடு என்ற இந்த ஒப்பந்தத்தைவிட அழகான காட்சி கடல்நீர்த் தொட்டியில் வேறில்லை. இந்தக் கோபிகளும் குதிக்கும். தீக்கொழுந்து நிறத்தில் வால் உள்ள ஃபயர்ஃபிஷ்ஷும் அப்படியே.

அடுத்தது மூடி. முழுக் கண்ணாடியால் மூடினால் தண்ணீரில் வெப்பம் தங்கும், காற்றுப் பரிமாற்றம் குறையும், உப்புப் படிந்து வெளிச்சமும் மங்கும். அதைவிட வலைமூடி நல்லது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் அல்லது பிளாஸ்டிக் வலை போதும். ஜன்னலுக்கு அடிக்கும் இரும்புக் கொசுவலை வேண்டாம், உப்புநீரில் அது துருப்பிடிக்கும். குழாயும் ஒயரும் நுழைவதற்கு வெட்டிய மூலைகளைக் கவனியுங்கள். மூடி போட்ட தொட்டியிலிருந்தும் மீன் வெளியேறுவது இந்தச் சந்துகள் வழியாகத்தான். விரல் நுழைகிற சந்தில் தாடைமீன் நுழையும்.

வலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு போகாது. எனவே எவ்வளவு நீர் குறைந்ததோ அவ்வளவுக்கு உப்பில்லாத சுத்தமான நீரைத்தான் ஊற்றவேண்டும். கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கடலில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு, தொட்டியிலும் அதே அளவுதான்.

விளக்கையும் சட்டென்று அணைக்கக் கூடாது. பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து கும்மிருட்டுக்குப் போனால் மிதந்துகொண்டிருக்கும் மீன் மிரண்டு பாயும். அறை விளக்கு எரியும்போதே தொட்டி விளக்கை முதலில் அணையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அறை விளக்கு. காலையில் இதற்கு நேர்மாறு.

கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இந்த மீன்கள் மனிதரைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகும். டோக்கியோவின் சுமிடா மீன் காட்சியகத்தில் சுமார் 300 தோட்ட விலாங்குகள் இருந்தன. மணலில் வாலைப் புதைத்து, புல் முளைத்ததுபோல் பாதி உடலை மட்டும் வெளியே நீட்டி நிற்கும் மீன்கள் அவை. 2020 மார்ச் மாதம் கொரோனாவால் காட்சியகம் மூடப்பட்டது. பார்வையாளர் இல்லாமல் நாள்கள் போகப் போக விலாங்குகளுக்கு மனித முகம் மறந்தேபோனது. பராமரிப்பாளர் கடந்து போனாலே மணலுக்குள் ஓடி ஒளிந்தன. நோய் இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. காட்சியகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? மே 3 முதல் 5 வரை தொட்டிக்கு எதிரே ஐந்து டேப்லெட்டுகளை வைத்து, “வீடியோ அழைப்பில் வந்து விலாங்குகளுக்கு முகம் காட்டுங்கள், கையசையுங்கள், ஆனால் சத்தம் போடாதீர்கள்” என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்!

உங்கள் வீட்டுக்கு வரும் தாடைமீனும் முதல் சில நாள் கண்ணிலேயே படாமல் போகலாம். மணலைக் கிளறித் தேடாதீர்கள். முதலில் தொட்டியைச் சுற்றித் தரையைப் பாருங்கள். கீழே கிடந்தால், உடம்பு ஈரமாக இருக்கும்வரை நம்பிக்கை உண்டு. காற்றில் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மீனால் மூச்சு வாங்க முடியாது. செவுள் காய்வதற்குள் தண்ணீருக்குத் திரும்பினால் பல மீன்கள் பிழைத்துக்கொள்ளும். கையைத் தொட்டி நீரில் நனைத்துக்கொண்டு மெல்ல எடுத்து விடுங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் பெரியவர்களிடம் ஹீட்டர், மோட்டார் பிளக்குகளைப் பிடுங்கச் சொல்ல மறக்காதீர்கள். உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாயும்.

இந்த மீன் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிப்பதற்கு முன்னால், மணலுக்கும் வலைமூடிக்கும் காசு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது சேரும்வரை தாடைமீனைக் கடைத் தொட்டியிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.