18 வயசுல கல்லூரிக்கு டாட்டா! கூப்பர் ஃபிளாக் ஏன் அப்படி முடிவெடுத்தார்? அமெரிக்க கூடைப்பந்தின் 'ஒரு வருஷ' கணக்கு

2025 ஏப்ரல் 5. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் கல்லூரி கூடைப்பந்து அரையிறுதி. ட்யூக் பல்கலைக்கழகமும் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் மோதுகின்றன. ஆட்டம் முடிய சுமார் 8 நிமிடம் இருக்கும்போது ட்யூக் 14 புள்ளிகள் முன்னிலை. இனி என்ன, ஃபைனல்தான் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் ஆட்டம் அப்படியே தலைகீழாக மாறியது. கடைசி நொடிகளில் ட்யூக்கின் நட்சத்திர வீரர் எறிந்த பந்து வளையத்துக்குள் போகவில்லை. 70-67 என ஹூஸ்டன் ஜெயித்தது.

அந்த வீரர்தான் கூப்பர் ஃபிளாக். அன்று 27 புள்ளிகள் எடுத்தவரும் அவர்தான். வயசு 18. சரியாக 16 நாள் கழித்து, ஏப்ரல் 21 அன்று, கல்லூரியை விட்டு விலகி என்பிஏ டிராஃப்டில் பெயர் கொடுப்பதாக அறிவித்தார். கல்லூரியில் அவர் ஆடியது ஒரே ஒரு சீசன்.

'படிப்பை பாதியில விட்டுட்டாரா?' என்று நம்ம வீடுகளில் முதலில் கேட்பார்கள். ஆனால் அமெரிக்காவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர் இன்னொரு வருஷம் படிக்கிறேன் என்று சொல்லியிருந்தால்தான் அது தலைப்புச் செய்தி. ஏன் அப்படி?

யார் இந்த கூப்பர் ஃபிளாக்?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சின்ன ஊர்க்காரர். 2006 டிசம்பர் 21-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை ஒரு வருஷம் முன்கூட்டியே முடித்துவிட்டு 2024-ல் ட்யூக்கில் சேர்ந்தார். ஒரு ஆட்டத்துக்கு சராசரியாக 19.2 புள்ளிகள், 7.5 ரீபவுண்டுகள். நோட்டர்டாம் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 42 புள்ளிகள். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான நைஸ்மித் விருதும் முதல் வருஷ மாணவரான அவருக்கே வந்தது.

இதுல அவரோட பிறந்த தேதியை கொஞ்சம் கவனிங்க. என்பிஏ விதிப்படி, டிராஃப்ட் நடக்கும் வருஷத்துக்குள் வீரருக்கு 19 வயசு ஆக வேண்டும். பள்ளி முடித்து ஒரு வருஷமும் ஆகியிருக்க வேண்டும். ஃபிளாக்குக்கு 19 முடிந்தது 2025 டிசம்பர் 21-ல். அவர் 11 நாள் தள்ளி, 2007 ஜனவரி 1-ல் பிறந்திருந்தால் 2025 டிராஃப்டில் கலந்துகொள்ளவே முடியாது. 11 நாளில் ஒரு வருஷச் சம்பளம் போயிருக்கும். அது எவ்வளவு என்று அப்புறம் பார்ப்போம்.

டிராஃப்ட் என்றால் என்ன?

ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. இங்கே யாரும் விலை கேட்பதில்லை. 30 அணிகளும் வரிசையாக வந்து, ஆளுக்கு ஒரு புது வீரராகத் தேர்வு செய்யும். இரண்டு சுற்று, அதிகபட்சம் 60 பேர். எந்த அணி கூப்பிடுகிறதோ அங்கேதான் போக வேண்டும். முந்தைய சீசனில் பிளேஆஃப்புக்குப் போகாத 14 அணிகளில் முதலில் தேர்வு செய்யப்போவது யார் என்பதை லாட்டரி முடிவு செய்யும். மோசமாக ஆடிய அணிக்கு வாய்ப்பு அதிகம்.

2025-ல் அந்த லாட்டரியில் ஜெயித்தது டல்லாஸ் மேவரிக்ஸ். அதற்கு இருந்த வாய்ப்பு வெறும் 1.8 சதவீதம். சில மாதங்களுக்கு முன்புதான் தங்கள் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த அணி அது. ஜூன் 25-ல் ஃபிளாக்கை முதல் ஆளாக எடுத்தது.

ஒரு வருஷத்துக்கு எவ்வளவு பணம்?

முதல் சுற்றில் தேர்வாகும் வீரர்களுக்கு சம்பள அட்டவணை இருக்கிறது. முதல் இடத்தில் வந்த ஃபிளாக்குக்கு முதல் வருஷச் சம்பளம் சுமார் 1.38 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 118 கோடி ரூபாய். நான்கு வருஷத்துக்கு மொத்தம் சுமார் 6.27 கோடி டாலர்.

ஆனா உண்மையான கணக்கு இது இல்லை. முதல் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதுதான் விஷயம். அந்த அட்டவணைக்குள் இருக்கும் வரை எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றாலும் கூடக் கேட்க முடியாது. அது முடிந்த பிறகுதான் பெரிய பணம். ஒரு அணிக்கான சம்பள வரம்பில் 25 சதவீதம் வரை ஒரே வீரர் கேட்கலாம். 7 வருஷ அனுபவம் வந்தால் 30 சதவீதம், 10 வருஷம் ஆனால் 35 சதவீதம். அதாவது 19 வயசில் உள்ளே போகிறவர் 29 வயசில், உடம்பு நல்ல நிலையில் இருக்கும்போதே, உச்ச வரம்பைத் தொட்டுவிடுவார். 22 வயசு வரை கல்லூரியில் இருந்தவருக்கு அப்போது 32. ஆக, கல்லூரியில் கழியும் ஒவ்வொரு கூடுதல் வருஷமும் கடைசியில் கிடைக்கும் அந்தப் பெரிய சம்பளத்திலிருந்து ஒரு வருஷத்தைத் தின்றுவிடும்.

ஒரு ஷூ கிழிந்த கதை

பணத்தைவிட பெரிய பயம் காயம். 2019 பிப்ரவரி 20. ட்யூக்கும் அதன் பரம எதிரியான நார்த் கரோலினாவும் மோதிய ஆட்டம். முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவே பார்க்க வந்திருந்தார். ஒரு டிக்கெட் மறுவிற்பனையில் 2,500 டாலருக்கும் மேல் போனது. எல்லாரும் வந்தது சயான் வில்லியம்சன் என்ற 18 வயசு பையனுக்காக.

ஆட்டம் தொடங்கி முதல் நிமிடம்கூட முடியவில்லை. பந்தோடு திரும்பும்போது அவரது நைக் ஷூ அப்படியே பிய்ந்து, கால் வெளியே வந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

அன்றைய நிலவரத்தை யோசித்துப் பாருங்க. டிக்கெட் பணம் பல்கலைக்கழகத்துக்கும் மறுவிற்பனை செய்தவர்களுக்கும். ஒளிபரப்புப் பணம் சங்கத்துக்கும் டிவிக்கும். பயிற்சியாளருக்கு வருஷத்துக்கு பல மில்லியன் டாலர் சம்பளம். வில்லியம்சனுக்கு சட்டப்படி கிடைத்தது ஸ்காலர்ஷிப்பும் தங்குமிட, சாப்பாட்டுச் செலவும் மட்டும்தான். நல்லவேளையாக லேசான சுளுக்கு. சில வாரங்களில் திரும்பி வந்தார், அதே வருஷம் டிராஃப்டில் முதல் ஆளாகவும் போனார். அந்த முழங்கால் வேறு மாதிரி திரும்பியிருந்தால்? அன்று இரவு பல வீரர்கள் சமூக வலைதளங்களில் கேட்டது இதைத்தான்: தயாரான பையனை இலவசமாக ஒரு வருஷம் ஆட வைப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த விதி எப்படி வந்தது?

இதுக்கு 50 வருஷம் பின்னாடி போகணும். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்த ஒரு தாயின் 10 பிள்ளைகளில் ஒருவர் ஸ்பென்சர் ஹேவுட். 1968 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் நாயகன். அப்போது என்பிஏ விதிப்படி பள்ளி முடித்து நான்கு வருஷம் ஆனால்தான் ஆட முடியும். 1970-ல் சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் அணி அந்த விதியை மீறி ஹேவுட்டை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்கு நடந்த நாட்களில், வெளியூர் மைதானங்களில் 'சட்டவிரோத வீரர்' என்று மைக்கில் அறிவித்தார்கள் என ஹேவுட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1971 மார்ச்சில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

உடனே என்பிஏ என்ன செய்தது தெரியுமா? முன்கூட்டியே வர விரும்பும் வீரர், தன் குடும்பம் கஷ்டத்தில் இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்றது! 1976-ல் அந்த நிபந்தனை போனது. மேஜிக் ஜான்சன் இரண்டு வருஷத்தில், மைக்கேல் ஜோர்டான் மூன்று வருஷத்தில் கல்லூரியை விட்டது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1995-ல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்குப் போனார். அடுத்த வருஷம் கோபி பிரையன்ட். 2003-ல் லெப்ரான் ஜேம்ஸ். எல்லாரும் அவர்களைப் போல ஜொலிக்கவில்லை. 2001-ல் பள்ளியிலிருந்து நேராக முதல் இடத்தில் தேர்வான குவாமி பிரவுன் எதிர்பார்ப்பை நிறைவேற்றவே இல்லை. கடைசியில் 2005-ல் அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் 19 வயசு விதி வந்தது. 'ஒன் அண்ட் டன்', அதாவது ஒரு வருஷம் ஆடிவிட்டு கிளம்பு என்ற கலாசாரம் பிறந்தது இப்படித்தான்.

வீரர் சங்கம் எப்படி ஒத்துக்கொண்டது? அதில் ஓட்டுப் போடுவது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். ஒரு 18 வயசு பையன் உள்ளே வந்தால் ஒரு சீனியருக்கு இடம் போகும். வெளியே நிற்கும் பையனுக்கு அங்கே குரல் இல்லை. பேஸ்பால் அணிகள் 18 வயசில் பள்ளியிலிருந்தே வீரர்களை எடுக்கின்றன. டென்னிஸில் அந்த வயசில் கிராண்ட்ஸ்லாம் ஆடுகிறார்கள். பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள் ஆடும் விளையாட்டில் மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

இப்போ என்ன மாறியிருக்கு?

ரொம்பவே மாறியிருக்கு. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். ஃபிளாக் ட்யூக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே நியூ பேலன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருஷ வரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

விளைவு? 2021-ல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர். கொரோனாவால் எல்லாருக்கும் கூடுதலாக ஒரு வருஷம் கிடைத்ததால் அந்த எண்ணிக்கை வீங்கியிருந்தது என்பதையும் சொல்லணும். இருந்தாலும் 2025-ல் அது 106 ஆகச் சரிந்தது.

காரணம் சிம்பிள். டிராஃப்டின் முதல் சில இடங்களில் வரப்போகிற பையன் இன்றும் கிளம்பத்தான் செய்வான், கல்லூரியால் அந்தப் பணத்தோடு போட்டி போட முடியாது. ஆனால் முதல் சுற்றின் கடைசியிலோ இரண்டாம் சுற்றிலோ வரக்கூடியவன் நிலைமை வேறு. இரண்டாம் சுற்றில் உத்தரவாதச் சம்பளம் கிடையாது. பலருக்குக் கிடைப்பது 'டூ-வே' ஒப்பந்தம்தான். குறைந்தபட்ச சம்பளத்தில் பாதி, வருஷத்தின் பெரும்பகுதி துணை லீக்கில். அதைவிட அதிகமாகக் கல்லூரியே கொடுக்கும்போது எதுக்கு அவசரப்படணும்? 2025-ல் யாக்செல் லெண்டபோர்க் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வாபஸ் வாங்கி மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கெடு தேதிக்குள் வாபஸ் வாங்கினால் கல்லூரியில் தொடரலாம் என்பது விதி. முன்பு குடும்பம் கஷ்டப்படுகிறது என்று கிளம்பினார்கள், இப்போது குடும்பத்துக்கு நல்லது என்று தங்குகிறார்கள்.

அப்போ பட்டம்?

அதை முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜோர்டான் 1986-ல் முடித்தார். ஷகீல் ஓ'நீல் 2000-ல் பட்டம் வாங்கி, 2012-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். வின்ஸ் கார்ட்டர் கதைதான் சுவாரஸ்யம். 2001 மே 20, பிலடெல்பியாவுக்கு எதிராக பிளேஆஃப் ஏழாவது ஆட்டம். தோற்றால் வெளியே. அன்று காலை அவர் நார்த் கரோலினாவில் பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டு உட்கார்ந்திருந்தார். விமானம் பிடித்து ஆட்டத்துக்கு வந்தார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து உள்ளே போகவில்லை, டொராண்டோ 88-87 என ஒரே புள்ளியில் தோற்றது. விழாவுக்குப் போனதால்தான் தோற்றோம் என்று ரசிகர்கள் பல வருஷம் திட்டினார்கள். அந்த ஆட்டத்தில் அவர் 20 புள்ளிகள் எடுத்திருந்ததை யாரும் பேசுவதில்லை.

ஸ்டீபன் கரி 2009-ல் டேவிட்சன் கல்லூரியை மூன்று வருஷத்தில் விட்டவர். பட்டம் முடிக்காதவரின் ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு கொடுத்து கௌரவிப்பதில்லை என்பது அந்தக் கல்லூரியின் விதி. கரி மூன்று என்பிஏ கோப்பை ஜெயித்த பிறகும் அவரது 30-ம் எண் காத்திருந்தது. 2022-ல் அவர் பட்டம் முடித்தார். அதே வருஷம் ஆகஸ்டில்தான் அந்த ஜெர்சி மேலே ஏறியது.