இரைப்பை புற்றுநோய்: முழுசா எடுக்கணுமா, பாதி போதுமா?

இரைப்பையில் புற்றுநோய் என்றதும், 'மிச்சம் வைக்காம முழுசா எடுத்துடுங்க டாக்டர்' என்று கெஞ்சுபவர்கள் உண்டு. எல்லோருக்கும் அது தேவையில்லை. கட்டி கீழ்ப்பகுதியில் இருந்து, சுற்றிலும் நோயில்லாத இடத்தோடு சேர்த்து வெட்ட முடிந்தால் மேல்பகுதியை விட்டுவைக்கலாம். இப்படிப்பட்ட 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இத்தாலியில் நடந்த ஆய்வு 1999-ல் வெளியானது. 5 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் பகுதி ஆபரேஷனில் 65 சதவீதம், முழு ஆபரேஷனில் 62 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை.

கட்டி மேல்பகுதியில் இருந்தாலோ, இரைப்பை முழுக்க பரவியிருந்தாலோ பெரும்பாலும் முழுசாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயை சிறுகுடலோடு இணைத்து விடுவார்கள். இரைப்பையே இல்லாமல் சாப்பிட முடியுமா? முடியும். ஆனால் தட்டு நிறைய அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக 6 வேளை. ஸ்வீட் அதிகம் தின்றால் படபடப்பு, தலைசுற்றல் வரலாம். ஆயுள் முழுக்க வைட்டமின் பி-12 ஊசியும் போடணும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. ரத்தசோகையும், கை கால் மரத்துப்போவதும் சில வருடம் கழித்துத்தான் வரும்.