வாசலுக்கு கான்கிரீட் போடும் முன் தண்ணீருக்கு வழி விடுவோம்



மழை ஓய்ந்து தை பிறந்ததும் நம் குழுக்களில் வீட்டு வேலைக்குக் கடன் கேட்பவர்கள் அதிகமாகிவிடுவார்கள். ரோட்டிலிருந்து வாசல் வரை கான்கிரீட் போட்டால் கேரட் மூட்டை ஏற்ற வண்டி உள்ளே வரும், சேறு மிதிக்க வேண்டாம் என்பது பலருடைய ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் கான்கிரீட் போடும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: தண்ணீர் எங்கே போகும்?

ஊட்டி பக்கம் ஒரு கிராமத்தில் நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கடன் வாங்கி வண்டிப்பாதை போட்டார். வீடு ரோட்டை விடத் தாழ்வு. ஆடி மழையில் ரோட்டுத் தண்ணீர் முழுக்க அந்தப் பாதையில் இறங்கி சமையலறைக்குள் புகுந்துவிட்டது. "மண்ணா இருந்தப்பகூட இப்படி வரலைங்க. காசு கொடுத்து தண்ணிய வீட்டுக்குள்ள கூப்பிட்ட மாதிரி ஆயிடுச்சு" என்றார். முதல் கடனே முடியவில்லை. பாதையை உடைத்துக் கால்வாய் எடுக்க மறுபடி கடன் கேட்டார். அவருடைய கடன் மனுவைப் பார்த்த நாங்களும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஏன் இப்படி ஆகிறது?

மண் தரை மழையில் ஒரு பங்கைக் குடித்துவிடும். கான்கிரீட் குடிக்காது. 10 அடி அகலம், 30 அடி நீளம் உள்ள பாதையில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 1,400 லிட்டர் தண்ணீர் ஓடி வரும். அதாவது 200 லிட்டர் டிரம்மில் 7 டிரம். ரோட்டிலிருந்து வருவது தனி. நம் மலையில் பெய்யும் மழை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

மேஸ்திரியிடம் என்ன சொல்ல வேண்டும்?

1. வாட்டம்: ஒரு அடிக்குக் கால் அங்குலம், 10 அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் போதும். அது வீட்டுச் சுவரை விட்டு விலகிப் போகும்படி இருக்க வேண்டும். டியூப் மட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

2. குறுக்குக் கால்வாய்: வீடு தாழ்வாக இருந்தால், பாதை வாசலைத் தொடும் முன்பே குறுக்கே அரை அடி அகலம், அரை அடி ஆழத்தில் கால்வாய் எடுக்க வேண்டும். மேலே வண்டி ஏறினாலும் தாங்கும் கம்பிக் கிராதி போடுங்கள். அது கழற்றி மாட்டக் கூடியதாக இருக்கட்டும். இலை, மண் அடைத்தால் கால்வாய் இருந்தும் பலன் இல்லை. பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் ஒரு சிறு மேடு வைத்தால் ரோட்டுத் தண்ணீரும் உள்ளே வராது.

3. அடித்தளம்: மேல் மண்ணை எடுத்துவிட்டு 4 அங்குலம் ஜல்லி பரப்பி, திமிசு போட்டு நன்றாக இறுக்க வேண்டும். அதன் மேல் 4 அங்குலம் கான்கிரீட். இது வீட்டுத் தரையை விட அரை அடியாவது தாழ்ந்து இருக்கட்டும்.

4. இணைப்பு: 10 அடிக்கு ஒரு இடத்தில் ஒரு அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்ட வேண்டும். விரிசல் வந்தாலும் அந்தக் கோட்டிலேயே வரும். சுவரும் பாதையும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டு தார் ஊற்றி அடைத்தால் அஸ்திவாரத்துக்குள் தண்ணீர் இறங்காது.

5. மேற்பரப்பு: வழவழப்பாகத் தேய்க்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துவிட்டால் பாசி பிடிக்கும் காலத்தில் கால் வழுக்காது.

உறைபனி நாட்களில் கவனம்

காஷ்மீர் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் மண்ணே உறைந்து மேலெழும்பி பாதையைத் தூக்கிவிடும். நமக்கு அவ்வளவு இல்லை. ஆனால் மார்கழி, தை இரவுகளில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் வெளுத்துப்போவதைப் பார்க்கிறோம். தண்ணீர் உறைந்தால் அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். அன்று போட்ட கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் உறைந்தால் மேல்பகுதி பொடிப்பொடியாக உதிரும். அதனால் முடிந்தவரை பனி முடிந்த பிறகு வேலையை வையுங்கள். அவசரம் என்றால் வெயில் ஏறிய பிறகு காலையில் தொடங்கி, மாலையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே வைக்கோலோ காய்ந்த சாக்கோ போட்டு மூடுங்கள். பனி இரவில் ஈரச் சாக்கு வேண்டாம்.

கலவையில் தண்ணீரை அதிகம் ஊற்ற விடாதீர்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு சுமார் 25 லிட்டர் போதும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். "தண்ணி கூட இருந்தாத்தான் இழுக்க லேசா இருக்கும்" என்று ஆட்கள் சொல்வார்கள். இழுக்க லேசு, உழைப்பு குறைவு! போட்ட பிறகு 10 நாளாவது பகலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் தண்ணீர் எங்கே?

நம் வாசலைக் காப்பாற்றிவிட்டு, கீழ்வீட்டு மண்மேட்டில் தண்ணீரை விடக் கூடாது. 2009 நவம்பரில் நம் மாவட்ட மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. மேட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் மண் கனத்து, பிடிப்பு விட்டுச் சரியும். சரிவின் ஓரத்தில் உறிஞ்சுகுழி வெட்டுவதும் ஆபத்து. குறைந்தது 4 அங்குலக் குழாய் மூலம் ஓடைக்கோ தெருக் கால்வாய்க்கோ கொண்டு சேர்க்க வேண்டும். தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா, அவை அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தெருக் கால்வாயே இல்லை என்றால் ஒருவர் தனியாகக் கேட்பதை விட, குழுவாகச் சேர்ந்து கிராம சபையில் மனு கொடுங்கள்.

இனி வாசல் வேலைக்குக் கடன் மனு வந்தால், தொகை எவ்வளவு, தவணை எத்தனை என்பதோடு "தண்ணீர் எங்கே போகும், கீழே யார் வீடு?" என்றும் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதுவோம். கால்வாய்க்கான செலவையும் சேர்த்தே கடன் கேட்கச் சொல்வோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை உரக்கப் படித்துப் பேசுங்கள்.

கான்கிரீட் போடுவது ஒரு நாள் வேலை. தண்ணீர் வருவது ஒவ்வொரு வருஷமும்!