பேஸ் கிட்டாரின் ஒலியைத் தேர்வது எவ்வாறு?

கிட்டார் என்றவுடன் ஆறு நரம்புக் கருவியே நம் நினைவிற்கு வரும். அதனினும் நீண்ட கழுத்தும் நான்கு பருத்த நரம்புகளும் உடையது பேஸ் கிட்டார். மின்விசையின்றித் தன் ஒலிப்பெட்டியைக் கொண்டே ஒலிக்கும் வகையை அக்கூஸ்டிக் பேஸ் கிட்டார் என்பர். யாழின் உறுப்புகளுள் பத்தர் என்று நம் முன்னோர் வழங்கியதும் இத்தகைய பெட்டியையே. அமெரிக்கரான எர்னி பால், மெக்சிகோ நாட்டுக் கித்தாரோன் என்னும் பெருங்கருவியை மனத்திற் கொண்டு, 1972ஆம் ஆண்டில் இதனைச் செய்து விற்கத் தொடங்கினார்.

எங்கள் தோட்டப் பள்ளிப் பாடற்குழுவிற்கென யானே சென்று ஒன்று வாங்கினேன். கடையில் ஒலிபெருக்கியோடு இணைத்து மீட்டிக் காட்டினர். இடி முழங்கியது போலிருந்தது. ஒலிபெருக்கியில்லாத எங்கள் மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் பாடத் தொடங்கியதும் கருவி இருக்குமிடமே தெரியவில்லை. பெற்றோர் தந்த பணம், பிழையோ என்னுடையது.

காரணம் இது. இக்கருவியின் நரம்புகள் நொடிக்கு ஏறத்தாழ 41, 55, 73, 98 முறை அதிர்வன. நரம்பு தனித்து அசைக்கும் காற்று மிகச் சிறிது. மேற்பலகையும் பெட்டியினுள் அடைபட்ட காற்றும் உடனதிர்ந்தாலன்றி ஒலி பெருகாது. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதிப் பாருங்கள்: சிறு புட்டி உயர்ந்தும் பெரும் புட்டி தாழ்ந்தும் ஒலிக்கும். கிட்டார்ப் பெட்டியும் அத்தகைய புட்டியே. சாதாரணக் கிட்டாரின் காற்று 100 அதிர்வையொட்டி முழங்கும். பேஸ் கிட்டாரின் பெட்டி பெரிதாயினும், மடியில் வைத்து மீட்ட வேண்டியதாகலின், 41ஐ எட்டுமளவு பெரிதாக்க இயலாது. பின் அச்சுரம் எவ்வாறு கேட்கிறது? அதன் மேற்சுரங்களாகிய 82, 123 முதலியவற்றைப் பெட்டி நன்கு ஒலிக்கிறது. அவற்றைக் கொண்டு அடிப்படைச் சுரத்தை நம் செவியே நிரப்பிக் கொள்கிறது. வியப்பன்றோ!

ஆதலின் வாங்குவோர் மின்னிணைப்பை நீக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் மீட்ட, மற்றவர் பத்தடி தள்ளி நின்று கேட்க வேண்டும். ஒலித்துளை கேட்போரை நோக்கியிருத்தலின் மீட்டுவோர் செவி முழுச் சான்றாகாது. தாழ்ந்த நரம்பில் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி வருக. ஒரு சுரம் மட்டும் முழங்கி அடுத்தது மடிந்தால், அப்பெட்டி தனக்கியைந்த அதிர்வுக்கு மட்டும் இடந்தருகிறது என்று பொருள். அதனை விலக்குக. ஆழமும் அகலமும் மிக்க பெட்டியையே நாடுக.

நைலான் சுற்றிய நரம்பு இனியது, ஆனால் அடங்கியது; வெண்கலக் கம்பி சுற்றியது மேற்சுரம் மிக்கது, கூட்டத்திடையேயும் கேட்கும். மரம் பற்றி ஒரு சொல்: ஒற்றைப் பலகையின் ஒலி உயர்ந்ததென்பர். எனினும் நம் நாட்டு ஈரக்காற்றில் அது உப்பி, நரம்பு மெட்டை விட்டு உயர்ந்துவிடும். பள்ளிக்கு ஒட்டுப்பலகையே போதும் என்பேன்.

எங்கள் கருவிக்கு வெண்கல நரம்பு மாற்றினோம். மீட்டும் மாணவனை மண்டபத்தின் மூலையில் அமர்த்தினோம். இரு சுவர்களும் தாழ்ந்த ஒலியை அவைக்குத் திருப்பி விடுகின்றன. இப்போது கடைசி வரிசைக்கும் கேட்கிறது.