ஒரு மில்லிமீட்டர் இரும்பு

1857 கிளர்ச்சிக்குத் தீ வைத்த தோட்டாவைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய காகித உறை. அந்தத் தோட்டாவுக்கு உரிய துப்பாக்கி பிறகு என்ன ஆனது என்று பாடப் புத்தகம் சொல்வதில்லை.

கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிகளின் குழலுக்குள் ரீமர் என்ற துளை அகற்றும் கருவியை விட்டு, உட்சுவரில் ஓடிய சுருள் வரிகளைச் சீவி எடுத்தார்கள். 0.577 அங்குலத் துளை 0.656 அங்குலமானது. விட்டத்தில் 2 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர். தொலைவுக்கேற்ப ஏற்றி இறக்கும் குறிச்சட்டத்தையும் கழற்றிவிட்டு, அசையாத ஒரு குறியைப் பொருத்தினார்கள். இதுதான் 1858 மாதிரி மஸ்கட். இந்தியச் சிப்பாய்களுக்கென்றே செய்தது. பார்க்க அதே துப்பாக்கிதான். குறி மட்டும் தப்பும்.

ஏன் தப்ப வேண்டும்? வாய் வழியே மருந்தும் குண்டும் போட்டு இடிக்கும் துப்பாக்கியில், ஈயக் குண்டு துளையைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் தடையின்றி உள்ளே இறங்கும். சுடும்போது அந்த இடைவெளியே வினையாகிறது. குண்டு இப்பக்கமும் அப்பக்கமும் மோதிக்கொண்டு வெளியே வருகிறது. கடைசியாகச் சுவரின் எந்தப் பக்கம் உரசியதோ, அதற்கேற்ப ஒரு சுழற்சி அதில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த குண்டுக்கு வேறொரு சுழற்சி. பறக்கும் திசைக்குக் குறுக்கான அச்சில் சுழலும் உருண்டையைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். சுழற்பந்து வீச்சாளரின் பந்து தரையைத் தொடும் முன்பே காற்றில் விலகுவது இதே விசையால்தான். வீச்சாளருக்கு எந்தப் பக்கம் விலகும் என்று தெரியும். சிப்பாய்க்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். துப்பாக்கி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட அவருடைய நூல் 1742இல் வெளிவந்தது. அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவான குறிப்புகள் எழுதியவர் சாதாரணமானவர் அல்லர், கணித மாமேதை ஆய்லர். ஆனால் சுழற்சியால் குண்டு விலகுகிறது என்பதை மட்டும் ஆய்லர் ஏற்கவில்லை. குண்டு சரியான உருண்டையாக வார்க்கப்படாததே காரணம் என்றார்.

ராபின்ஸ் செய்த சோதனை கெட்டிக்காரத்தனமானது. ஒரு மஸ்கட் குழலின் முனையை இடப்பக்கம் சற்று வளைத்தார். குண்டின் பாதையில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். வளைந்த முனையின் வலச்சுவரில் உருண்டுகொண்டு வெளியேறிய குண்டு, எதிர்பார்த்தபடி முதலில் இடப்பக்கம் போயிற்று. பிறகு காற்றிலேயே திரும்பி, நேர்க்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுந்தது. சுழற்சியைத் தவிர வேறெதுவும் அதைத் திருப்பியிருக்க முடியாது. நூறாண்டு கழித்து, 1852இல், இதை ஆராய்ந்த ஜெர்மானியர் மாக்னஸின் பெயர்தான் இந்த விளைவுக்கு நிலைத்தது. ராபின்ஸுக்கு இது அநியாயம்தான்.

ராபின்ஸ் சொன்ன மருந்து, சுழற்சியைத் தவிர்ப்பது அன்று. அதை நம் விருப்பப்படி தருவது. குழலின் உட்சுவரில் சுருளாக வரி வெட்டி, குண்டு அதில் இறுகப் பிடித்தபடி வெளிவந்தால், அது பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். பக்கவாட்டு விசை பெருமளவு ஒழியும். நீண்ட குண்டாக இருந்தால் மூக்கு முன்னோக்கியே நிற்கும். வரிக்குழலை முழுமையாக அறிந்து கைக்கொள்ளும் நாடு மற்றவர்களைவிட ஓங்கி நிற்கும் என்று 1747இல் அவர் எழுதினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகக் கோட்டைகளைச் சீரமைக்க இங்கே வந்து, 1751 ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44. அந்தக் கோட்டை இருந்த தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

வரிக்குழல் ராபின்ஸுக்கும் முந்தியது. படைகள் அதை ஒதுக்கி வைத்ததற்குக் காரணம் நேரம். வரியில் இறுகும் குண்டை நீண்ட கம்பியால் இடித்து இறக்குவதற்குள் எதிரி மூன்று முறை சுட்டுவிடுவான். 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே தந்த குண்டு அந்தச் சிக்கலை அவிழ்த்தது. அடிப்பக்கம் குழிவான, துளையைவிடச் சிறிய ஈயக் குண்டு அது. எளிதாக இறங்கும், மருந்து வெடித்ததும் அடி விரிந்து வரியைக் கவ்வும். என்ஃபீல்டு அந்தத் தலைமுறைத் துப்பாக்கி. அதன் வரிகள் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 39 அங்குலக் குழலுக்குள் அரைச் சுற்றுத்தான். அற்பமாகத் தோன்றும். குண்டின் வேகம் விநாடிக்கு 270 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மேல் வரும்.

இந்த வரியை அழிப்பது பட்டறைக்காரருக்கும் லேசான வேலையில்லை. துளை விட்டத்தின் பத்து மடங்கு ஆழம் போனாலே லேத்காரர் கவனமாகிவிடுவார். இங்கே அறுபது மடங்கு. ரீமர் தானாக வழி தேடாது. இருக்கும் துளையைத் தொடர்ந்தே போகும். பழைய துளை கோணலென்றால் புதியதும் கோணல்தான். வரியின் மேடும் பள்ளமும் மாறி மாறி வருவதால் வெட்டும் விளிம்பு அதிரும். அந்த அதிர்வின் தடம் சுவரில் பதியும். விளிம்புகளைச் சம இடைவெளி இல்லாமல் வைப்பது அதிர்வு தாளம் பிடிக்காமல் இருக்கத்தான். சீவலை எண்ணெய் விட்டு வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே சுவரைக் கீறிவிடும். (படித்துவிட்டு யாரும் லேத் பக்கம் போக வேண்டாம். உரிமமில்லாமல் துப்பாக்கியை மாற்றியமைப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

அத்தனையும் சரியாகச் செய்தாலும் இரும்புக் கணக்கு விடாது. வெடிப்பழுத்தத்தால் குழல் சுவரில் ஏறும் இழுவிசை, துளை பெரிதாகப் பெரிதாகக் கூடும். சுவர் மெலிய மெலியவும் கூடும். ரீமர் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. 1858 மாதிரிக் குழல்கள் புடைத்தன, வளைந்தன. மறு ஆண்டே, சுவர் தடித்த புதிய குழலோடு 1859 மாதிரியைச் செய்ய வேண்டியதாயிற்று. அதிலும் வரி கிடையாது.

வரியில்லாக் குழலை மட்டமானது என்று தள்ளிவிடவும் முடியாது. பறவை வேட்டைக்கு ரவை போட்டுச் சுடுகிறவருக்கு வரிதான் எதிரி. ரவைகள் அந்த 8,000 சுற்றை அப்படியே வாங்கிக்கொண்டால், குழலை விட்டதும் ஓரத்து ரவை விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகும். 30 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் தள்ளி விழும். நடுவில் நிற்கும் பறவை பறந்து போய்விடும்.

பீரங்கியில் கதை தலைகீழாகவே திரும்பிவிட்டது. விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்குக்கு மேல் நீளமான எறிபொருளைச் சுழற்சியால் நிமிர்த்தி வைப்பது கடினம். கவசத்தைத் துளைக்கும் இன்றைய உலோகக் கம்பிகளோ இருபது மடங்குக்கும் மேல் நீளமானவை. அவற்றுக்கு வேண்டியது அம்புக்கு இருப்பதைப் போன்ற வால், சுழற்சி இடைஞ்சல்தான். 1961இல் சோவியத் டி-62 டாங்கி 115 மில்லிமீட்டர் வரியில்லாக் குழலோடு வந்தது. ஜெர்மனியும் அமெரிக்காவும் 120 மில்லிமீட்டரில் அதே வழிக்கு வந்தன. பிரிட்டன் நெடுங்காலம் வரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது தன் சேலஞ்சர் 3 டாங்கிக்கு ஜெர்மன் வரியில்லாக் குழலைத் தேர்ந்திருக்கிறது.

நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இரண்டு வகையும் உருவாகியிருக்கின்றன. அங்கே செய்யப்படும் டி-90க்கு 125 மில்லிமீட்டர் வரியில்லாக் குழல். அர்ஜுனுக்கு 120 மில்லிமீட்டர் வரிக்குழல். வரிக்குழலிலிருந்து வால் வைத்த கம்பியைச் சுட வேண்டுமென்றால், வரியின் சுழற்சி கம்பிக்கு ஏறாதபடி நடுவில் வழுக்கும் வளையம் ஒன்றைப் பொருத்தித்தான் சுட வேண்டும்.