சிவப்பா இருந்தா போதுமா? ரோட்டுக்கு வரும் கிராவலுக்கு 4 நாள் "தண்ணீர் பரீட்சை"!

ஒரு மழைதான் பெய்தது. புதுசாகப் போட்ட ரோடு பொத்தல்! "தார் சரியில்லே சார்" என்று பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் தாரைத் திட்டுகிறார்கள்.

ஆனால், பல நேரம் ஆசாமி தாருக்குக் கீழே ஒளிந்திருக்கிறான். அவன்தான் கிராவல்!

செம்புறாங்கல் சரளையும் செம்மண்ணும் கலந்ததுதான் இந்த கிராவல். ரோட்டின் அடியில் இதைப் பரப்பி, ரோலர் ஓட்டி, அதன் மேல்தான் ஜல்லியும் தாரும் போடுகிறார்கள்.

சென்னைக்கு இது பழைய சரக்கு. செங்குன்றம் என்ற பெயரிலேயே அந்தச் சிவப்பு இருக்கிறது. பல்லாவரத்தில் இப்படி ஒரு கிராவல் பள்ளத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் ஆதிமனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார்.

வெயிலில் கல், மழையில் களி!

காய்ந்திருக்கும்போது எல்லா கிராவலும் கல்லு மாதிரிதான் இருக்கும். களிமண் அதிகம் இருந்தால், தண்ணீர் பட்டதும் கொழகொழ! மேலே பஸ் போனால் தாரும் சேர்ந்து உள்வாங்கும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் பரிசோதனை. கிண்டியில் உள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இதற்கு வசதி உண்டு.

முதலில் சல்லடை. கல் எவ்வளவு, மணல் எவ்வளவு, தூள் எவ்வளவு என்று பிரிக்கிறார்கள். தூளை நீர்விட்டுப் பிசைந்து, கண்ணாடி மேல் 3 மில்லி மீட்டர் கனத்துக்கு இடியாப்ப இழைபோல் உருட்டுகிறார்கள். எவ்வளவு ஈரத்தில் இழை உடைகிறது, எவ்வளவு ஈரத்தில் மண் கூழாகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 6 சதவீதத்தைத் தாண்டினால், நெடுஞ்சாலையின் அடித்தளத்துக்கு ஆகாது.

இதில் ஒரு சூட்சுமம். செம்புறாங்கல் மண்ணை அடுப்பில் காய வைத்தால், களித்தன்மை குறைந்ததுபோல் ஏமாற்றிவிடும். அதனால் நிழல் காற்றில்தான் உலர்த்த வேண்டும்.

4 நாள் குளியல்

கடைசிப் பரீட்சைதான் கடினம். கிராவலை இரும்பு அச்சில் இடித்து நிரப்பி, 4 நாள் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு 5 சென்டி மீட்டர் தடியுள்ள இரும்புத் தண்டை அதில் அழுத்துகிறார்கள். தண்டு இரண்டரை மில்லி மீட்டர் இறங்க, நல்ல உடைகல்லுக்கு 1,370 கிலோ பாரம் வேண்டும். அதில் 30 சதவீதம், அதாவது 411 கிலோவாவது தாங்கினால்தான் நெடுஞ்சாலைக்கு "பாஸ்"!

அதோடு முடியவில்லை. சில கிராவலில் கல், ரோலர் ஏறியதும் நொறுங்கித் தூளாகிவிடும். எனவே ரோட்டில் பரப்பி அமுக்கிய பிறகும் மாதிரி எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

உங்கள் தெருவில் சிவப்பு மண் லாரி வந்து கொட்டுகிறதா? நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். "டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?" என்று கேளுங்கள். அரசு ரோடு என்றால், 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்.

தார் பூசிய பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை!