மலைக்கோட்டை ஏறினால் மறுநாள் தொடை வலிப்பது ஏன்?

திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறாமல் திரும்புவது இல்லை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர். நடுவே தாயுமானவர். உச்சியில் பிள்ளையார். படிகள் 400-க்கும் மேல்!

சிறுவர்கள் முதல் நூறு படிகளை ஓடியே கடந்து விடுவார்கள். பிறகு மூச்சு வாங்கும். கால் கனக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை படி?" என்று கேட்பார்கள்.

கேட்பதில் தப்பே இல்லை. பாறையின் உயரம் சுமார் 80 மீட்டர். 25 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் அவ்வளவு உயரம் ஏறுகிறான் என்றால், 100 கிலோ மூட்டையை ஆறு மாடி உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமமான வேலையைச் செய்கிறான். அந்த வேலையைச் செய்தவை அவனுடைய தசைகள்.

இழுக்கத்தான் தெரியும்

நம் உடம்பில் எலும்புகளை அசைக்கும் தசைகள் 600-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். இழுப்பது! தள்ளத் தெரியாது.

அப்படியானால் முழங்காலை மடக்குவதும் நீட்டுவதும் எப்படி? தொடையின் பின்பக்கத் தசை இழுத்தால் முழங்கால் மடங்கும். முன்பக்கத் தசை இழுத்தால் நீளும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கும். படி ஏறும்போது முன்தொடைக்குத்தான் வேலை அதிகம். உடம்பிலேயே பெரிய தசையான பிட்டத்துத் தசையும் துணைக்கு வரும்.

தசை எப்படிச் சுருங்குகிறது? உங்கள் இரண்டு கை விரல்களையும் எதிரெதிரே கோத்துக்கொள்ளுங்கள். மெல்ல உள்ளே நகர்த்துங்கள். விரல்களின் நீளம் குறையவில்லை. ஆனால் கைகள் நெருங்கிவிட்டன அல்லவா? தசைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஆக்டின், மயோசின் என்ற இரண்டு வகை நுண்ணிய இழைகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. இதை 1954-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

திருச்சியில் படித்தவர்

தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு ஒன்று உண்டு. அதற்குத் தசைநாண் என்று பெயர். குதிகாலுக்கு மேலே தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, விறைப்பாக இருக்கிறதே, அதுதான்.

இந்த நாண் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அதன் அமைப்பைக் கண்டு சொன்னவர் ஜி.என்.ராமச்சந்திரன். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாணை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்தார். மூன்று புரிகளை முறுக்கித் திரித்த கயிறு போல கொலாஜன் இருக்கிறது என்று அறிவித்தார். அதுவும் அதே 1954-ம் ஆண்டில்தான்.

இறங்கும்போதுதான் வினை

மலை ஏறிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. "நேற்று ஏறினோமே, அதனால்தான்" என்பார்கள். உண்மையில், ஏறியதைவிட இறங்கியதுதான் இதற்கு முக்கியக் காரணம்!

கிணற்றில் வாளியை மெதுவாக இறக்குவதை நினைத்துப் பாருங்கள். கயிறு கீழே போகிறது. ஆனாலும் நம் கை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இறங்கும்போது முன்தொடைத் தசையும் அப்படித்தான். இழுத்துப் பிடித்தபடியே நீளுகிறது. அப்போது அதன் மெல்லிய இழைகளில் சிறு சேதம் உண்டாகிறது. வலி மெல்லத் தலைகாட்டி, இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விடும். அமிலம் தேங்கிவிட்டது என்று சிலர் சொல்வது சரியல்ல. அந்த அமிலம் சற்று நேரத்திலேயே இரத்தத்தில் கலந்து அகன்றுவிடும். வெந்நீர் இதமாக இருக்கும். ஆனால் இழைகளைச் சரிசெய்வது உடம்பேதான். சரியான பிறகு அதே மலையை ஏறி இறங்கினால், முன்போல் வலிக்காது.

ஸ்ரீபாதம் தாங்கிகள்

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் இன்னொரு ஆச்சரியம். அங்கே நம்பெருமாளைத் தோளில் சுமப்பவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். வைகுண்ட ஏகாதசி அன்று பெருமாள் சிம்ம கதியில் புறப்படுவார். குகையை விட்டு வரும் சிங்கம் இப்படியும் அப்படியும் பார்ப்பது போன்ற நடை அது. பிறகு, பாம்பு வளைந்து போவது போன்ற நடையும் உண்டு. அத்தனை பேரின் கால்களும் ஒரே தாளத்தில் விழவேண்டும். ஒருவர் தடுமாறினால் பாரம் பக்கத்துத் தோளுக்குப் போய்விடும்.

பல்லக்கு நின்றுவிட்டால் அவர்களுக்கு ஓய்வு என்று நினைக்கிறீர்களா? இல்லை! அசையாமல் சுமந்து நிற்கும்போதும், தசைக்குள் மயோசின் இழைகள் ஆக்டினைப் பிடிப்பதும் விடுவதும் மறுபடி பிடிப்பதுமாகவே இருக்கின்றன. ஓர் அங்குலம்கூட நகராமலே சக்தி செலவாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் நின்ற இடத்திலேயே அவர்களுக்கு வியர்வை கொட்டுகிறது.